கிராலரில் எது உடையலாம், எது உடையக் கூடாது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். காரைக்குடிக்குப் பக்கத்தில் வீடு. வெளியில் ஓட்ட டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4, வீட்டுக்குள் ஓட்ட ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24. இரண்டும் கிராலர்கள், அதாவது கல்லில் மெதுவாக ஊர்ந்து ஏறும் ரிமோட் கார்கள். பெரிய வண்டி வாங்கி ஓராண்டு ஆகவில்லை, அதற்குள் ஸ்டீயரிங் சர்வோ (முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார்) போய்விட்டது, முன் அச்சில் கரகரவென்று சத்தம் வருகிறது, கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஒன்று ஓடும்போதே கழன்று விழுந்து தொலைந்தும் போனது. "எல்லாவற்றையும் மெட்டலாக மாற்றிவிட்டால் தீருமா? மோட்டாரில் தொடங்கவா, ஷாஃப்டில் தொடங்கவா?"

இரண்டிலும் தொடங்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளில் ஒன்றுகூட பிளாஸ்டிக்கால் வந்ததாகத் தெரியவில்லை. சர்வோ போவது பெரும்பாலும் எண்ட் பாயிண்ட், அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லை, தவறாக இருப்பதால். அச்சு கரகரப்பதற்குக் காரணம் மண். ஷாஃப்ட் விழுந்ததற்குக் காரணம் திரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போடாத ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத திருகு. இதை விட்டுவிட்டு மெட்டல் பாகங்களை வாங்கி மாட்டினால் அதே மூன்றும் திரும்ப வரும், செலவு மட்டும் கூடியிருக்கும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். மோட்டாரின் விசையை கியர்பாக்ஸ் பெருக்குகிறது, அச்சிலுள்ள ரிங், பினியன் என்ற பெரிய, சின்னக் கியர்கள் மறுபடி பெருக்குகின்றன. இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரம் சிக்கிக்கொண்ட பிறகும் நீங்கள் திராட்டிலை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த விசை எங்காவது வெளியேறியாக வேண்டும். ஒன்று டயர் வழுக்கும். ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியென்றால் அது வழுக்கும். இரண்டும் இல்லையென்றால் சங்கிலியில் எது மெலிந்ததோ அது உடையும். பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்டை எடுத்துவிட்டு இரும்பில் போட்டால் மெலிந்த இடம் காணாமல் போய்விடாது. ஷாஃப்டிலிருந்து ரிங் கியருக்கு நகரும், அங்கே இரும்பு போட்டால் கியர்பாக்ஸுக்குள் போகும். வெளியில் தொங்கும் ஷாஃப்டை இரண்டு திருகு கழற்றிப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கியர்பாக்ஸ் உடைந்தால் வண்டியையே பிரிக்க வேண்டும். அதனால் எது உடையட்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்: மலிவானது, வெளியில் இருப்பது, கையில் ஸ்பேர் உள்ளது.

இனி மண். நம் பக்கத்துக்கு இதுதான் தலையாய பிரச்சினை. செம்புராங்கல் பூமியில் மேலே கிடக்கும் சிவப்புப் பொடி முகப்பவுடர் மாதிரி நைசானது, ஆனால் அதற்குள் குவார்ட்ஸ் மணல் இருக்கும், அது இரும்பையே தேய்க்கும். கிரீஸோடு சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் போலத்தான் வேலை செய்யும். முன் அச்சின் டிஃப் (டிஃபரன்ஷியல், இடது வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) கவரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கிரீஸ் தேன் நிறத்திலோ வெள்ளையாகவோ இருந்தால் பிரச்சினை இல்லை. காப்பித்தூள் கலந்தது போல் இருந்தால் மண் புகுந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் கியரோ பேரிங்கோ தேயத் தொடங்கிவிட்டது. பால் போல் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர். விரலால் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்துப் பாருங்கள்: நெருநெருவென்றால் அந்தக் கிரீஸில் ஒரு துளிகூட மிச்சம் வைக்கக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை இது. அச்சை வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், மாட்டியபடியே துடைத்தால் மூலையில் மண் நிற்கும். பழைய கிரீஸை ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து எடுத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்க்க வேண்டும். பெட்ரோல் வேண்டாம், ரப்பர் சீல் ஊதிப்போகும். காய்ந்ததும் ரிங் கியரின் பல்லைச் சுற்றி மெல்லிய பூச்சு, பினியனில் பட்டாணி அளவு, அவ்வளவே கிரீஸ். டூவீலர் மெக்கானிக் கடையில் கிடைக்கும் ஏபி3 கிரீஸ் மெட்டல் கியருக்குத் தாராளமாகப் போதும். அறையை நிரப்பி அடைக்காதீர்கள். மிச்சம் சீல் வழியாக வெளியே பிதுங்கும், பிதுங்கிய கிரீஸில் மண் ஒட்டும், ஒட்டிய மண் சீலை அரித்து உள்ளே போகும்.

பேரிங்கைக் கழற்றி உள் வளையத்தை விரலில் மாட்டி வெளி வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நின்றால் நல்லது. தடுக்கித் தடுக்கி நின்றால் கழுவிப் பார்க்கலாம், பெரும்பாலும் மாற்றுவதே நல்லது. ஆர்.சி. கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. வெர்னியரில் உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூன்றையும் அளந்து திருச்சியிலோ மதுரையிலோ பேரிங் கடையில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: 5×11×4 மி.மீ. என்றால் எம்ஆர்115, 5×8×2.5 என்றால் எம்ஆர்85, 8×16×5 என்றால் 688. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று கேட்பது முக்கியம், அது ரப்பர் சீல். இசட்இசட் என்பது தகர மூடி, நைஸ் மண்ணைத் தடுக்காது. ரப்பர் சீல் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும். பந்தயக் காருக்கு அது குறை, மெதுவாக ஏறும் கிராலருக்குக் கணக்கில்லை.

மழை பெய்து ஓடைகளில் தண்ணீர் வடிந்த பிறகு மணலின் மேல் கறுப்பாகக் கோடு கோடாகப் படிந்திருக்கும் பாருங்கள், அங்கே ஓட்டும் முன் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்பு மணி ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மணல் உங்கள் மோட்டாருக்குள்ளும் ஒட்டும். மோட்டாரின் உள்ளே இருப்பது நிரந்தர காந்தம். காற்றுத் துளை வழியாகப் போன இரும்புத் துகள் திரும்பி வராது, ஆர்மேச்சரைக் கீறிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தைத் தவிர்ப்பதே சுலபம்.

கண்மாயிலோ ஊருணி ஓரத்திலோ தண்ணீரில் இறக்கினால் அன்று மாலையே அச்சைத் திறந்து பார்க்க வேண்டும். வண்டி வாட்டர்புரூஃப் என்றால் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி), சர்வோ, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் பெட்டி ஆகியவைதான் வாட்டர்புரூஃப், பேரிங் அல்ல. ரிசீவர் பெட்டியின் ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் இருக்கிறதா, ஒரு மணல் துகளாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துகள் போதும், அந்த இடைவெளியில் தண்ணீர் இறங்கும். பிரஷ்டு மோட்டாரைக் காய வைத்து இரு முனைப் புஷ்ஷிலும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஒரு துளிக்கு மேல் வேண்டாம், வழிந்து கம்யூட்டேட்டரில் பட்டால் பிரஷ் கறுத்து மோட்டார் திணறும்.

திருகுகள். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். தரமான ஹெக்ஸ் டிரைவர் மூன்று வாங்குங்கள்: 1.5, 2.0, 2.5 மி.மீ. எம்3 கேப் ஸ்க்ரூவுக்கு 2.5, பட்டன் தலைக்கும் கவுண்டர்சங்க் தலைக்கும் 2.0, எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5, எம்4 கிரப்புக்கு 2.0. சக்கர நட் எம்4 நைலாக் (உள்ளே நைலான் வளையம் உள்ளது), அதற்கு 7 மி.மீ. ஸ்பேனர். மலிவான எல்-கீ முனை உருண்டால் திருகின் குழியையும் உருட்டிவிடும்.

மெட்டலும் மெட்டலும் சேரும் ஒவ்வொரு திருகுக்கும் நீல திரெட்லாக், அதாவது லாக்டைட் 243 வகை. ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்த பிறகு, முனையில் மூன்று புரியில் மட்டும் தடவி, ஒரு இரவு விட வேண்டும். டிரைவ் ஷாஃப்டின் பின்னைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ, மோட்டார் பினியனின் கிரப் ஸ்க்ரூ, மோட்டாரைப் பிடிக்கும் இரண்டு திருகு, இந்த மூன்று இடத்தையும் தவற விடாதீர்கள். பினியன் கிரப் ஸ்க்ரூ மோட்டார் தண்டின் தட்டைப் பக்கத்தில் நேராக உட்கார வேண்டும், வட்டப் பக்கத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கழலும். பிளாஸ்டிக்கில் போகும் திருகுக்கு திரெட்லாக் தடவவே கூடாது, சில பிளாஸ்டிக் அதில் வெடித்துவிடும். கழற்ற வராத திருகின் தலையில் சோல்டரிங் அயர்ன் முனையைப் பதினைந்து விநாடி வைத்தால் பசை இளகும். முறுக்கி உடைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

துருப் பிடிக்கிறதே என்று எல்லாத் திருகையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுகிறார்கள். அடித்தட்டு, பம்பர், பாடி மவுண்டுக்குச் சரி. சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 12.9 தரக் கறுப்புத் திருகுக்கு 1,200-க்கு மேல். ஸ்டீயரிங் நக்கிள், லிங்க் முனை, டிரைவ் ஷாஃப்ட் போன்ற சுமை தாங்கும் இடங்களில் கறுப்புத் திருகே இருக்கட்டும், மாதம் ஒரு முறை எண்ணெய் தொட்டுத் துடைத்தால் துரு நிற்கும்.

அடுத்தது சர்வோ. முதல் அப்கிரேட் எது என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஓடும் வண்டியில் சக்கரத்தைத் திருப்புவது சுலபம். கல்லிடுக்கில் நின்றுகொண்டு, முன்பக்க எடை முழுவதும் ஒரு சக்கரத்தில் இருக்கும்போது திருப்புவதுதான் கிராலரின் வேலை. உங்கள் பெரிய வண்டி போன்ற 1/10 அளவு வண்டிக்கு 25 கி.கி.-செ.மீ. வகை மெட்டல் கியர் சர்வோ போதும், முன்பக்கம் பித்தளை ஏற்றப் போகிறீர்கள் என்றால் 35. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ரோபோட்டிக்ஸுக்கு விற்கும் எம்ஜி996ஆர் மெட்டல் கியர்தான், ஆனால் 6 வோல்ட்டில் 11 கி.கி.-செ.மீ. அளவுதான் தரும், அதை இந்த வண்டியில் போடாதீர்கள்.

வலுவான சர்வோ மாட்டிய அன்றே பலருக்கு ஒரு புதுப் பிரச்சினை வரும்: கல்லில் சக்கரத்தைத் திருப்பினால் வண்டியே ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது. ரேடியோ கோளாறு என்று நினைத்து ரிசீவரை மாற்றுவார்கள். காரணம் அதுவல்ல. பெரிய சர்வோ அசைய முடியாமல் நிற்கும்போது 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், இஎஸ்சிக்குள் இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பிஇசி அவ்வளவு கொடுக்க முடியாமல் வோல்ட்டேஜ் சரியும், ரிசீவர் அணைந்து எழும். சோதிப்பது எளிது. வண்டியைத் தூக்கி வைத்துச் சக்கரத்தைத் திருப்புங்கள், ஒன்றும் ஆகாது. தரையில் வைத்து முன் சக்கரம் இரண்டையும் செங்கலுக்கு நடுவில் இடுக்கித் திருப்புங்கள், விளக்கு மினுக்கினால் பிஇசிதான். தனி பிஇசி ஒன்றை, 10 ஆம்பியர் வகை, பேட்டரியிலிருந்து நேராக எடுத்து 6 அல்லது 7.4 வோல்ட்டில் வையுங்கள், எந்த வோல்ட் என்பது உங்கள் சர்வோவின் தாளில் இருக்கும். தனி பிஇசி போட்டால் இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று கம்பியில் சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து எடுத்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிட வேண்டும். இரண்டு பிஇசி ஒரே லைனில் மோதக் கூடாது.

அதன் பிறகு எண்ட் பாயிண்ட். சர்வோவை நடுவில் நிறுத்தி ஹார்னை (சர்வோவின் கை) ஸ்டீயரிங் லிங்க்குக்குச் செங்குத்தாக மாட்டுங்கள், நூலளவு விலகலை மட்டும் ரிமோட்டின் சப்-டிரிம்மில் சரி செய்யுங்கள். சக்கரம் தரையில் படாமல் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, சர்வோவுக்குக் காது கொடுங்கள். ஈ சுற்றுவது போல் ம்ம்ம் என்று வந்தால் நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) ஏற்கெனவே முட்டிவிட்டது, சர்வோ வீணாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் நிற்கும்வரை எண்ட் பாயிண்டை ஒவ்வொரு எண்ணாகக் குறையுங்கள், பிறகு மறு பக்கம். இரு பக்க எண்ணும் ஒன்றாக இருக்காது, அது சரியே. உங்கள் டிரான்ஸ்மிட்டரில் இந்த வசதி இல்லையென்றால் லிங்க்கை ஹார்னின் உள் துளைக்கு மாற்றுங்கள். திருப்பம் குறையும், விசை கூடும். உங்கள் பழைய சர்வோ போனது இந்த ம்ம்ம் சத்தத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எடை விஷயத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் மெட்டலாக்குவதன் பெரிய கேடு இங்கேதான். மேலே மெட்டல் ரூஃப் ரேக், மெட்டல் பம்பர், மெட்டல் ஷாக் டவர் என்று ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயரும், பக்கவாட்டுச் சரிவில் வண்டி உருளும், உருண்டால் உடையும். எடை கீழே வேண்டும், முன்னால் வேண்டும், முடிந்தால் ஸ்பிரிங்குக்குக் கீழே, அதாவது அச்சிலும் சக்கரத்திலும் வேண்டும்.

அளந்து பார்க்கச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பேட்டரியும் பாடியும் மாட்டி, முன் சக்கரம் இரண்டையும் தராசில் வையுங்கள், பின் சக்கரங்களின் கீழே தராசின் உயரத்துக்கே பலகையோ புத்தகமோ அடுக்குங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, திருப்பி வைத்துப் பின்பக்கம் அளங்கள். முன்னால் 1,750 கிராம், பின்னால் 1,250 கிராம் என்றால் மொத்தம் 3,000, முன்பங்கு 58 விழுக்காடு. 55 முதல் 60 வரை இருந்தால் நன்றாக ஏறும். அதற்குக் குறைந்தால் செங்குத்தில் மூக்கைத் தூக்கிப் பின்னால் சாயும். முதலில் காசில்லாத வழியைச் செய்யுங்கள்: பேட்டரியை முன்னால் தள்ளிக் கட்டுங்கள், கூரையில் உள்ளதை எல்லாம் கழற்றுங்கள். இதிலேயே இரண்டு மூன்று விழுக்காடு நகரும்.

மிச்சத்துக்குப் பித்தளை. இங்கே நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு, ஆர்.சி. கடையில் காசு கொட்டாமல் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பித்தளையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 8.5 கிராம், அலுமினியத்தைப் போல் மூன்று மடங்கு. வெளி விட்டம் 40, உள் விட்டம் 20, தடிமன் 8 மி.மீ. வளையம் ஒன்று ஏறத்தாழ 64 கிராம் வரும். முன் ரிம்முக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது, பிரேக் டிஸ்க் போன்ற அலங்காரப் பாகம் இடிக்கிறதா என்று வெர்னியரில் அளந்து, காகிதத்தில் படம் போட்டுக் கொடுங்கள். இரண்டு வளையமும் ஒரே எடையா என்று வாங்கும்போதே தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு முன் சக்கரத்துக்கு நூறு கிராமுக்கு மேல் ஏற்ற வேண்டாம். நக்கிள் பேரிங்கும் சர்வோவும் அந்தச் சுமையைத்தான் தாங்குகின்றன.

அச்சை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லிங்க் தண்டுகளையும் அதே பட்டறையில் செய்யலாம். 6 மி.மீ. தண்டை அளவுக்கு வெட்டி, இரு முனையிலும் 2.5 மி.மீ. துளையிட்டு எம்3 புரி 12 மி.மீ. ஆழம் வெட்டச் சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் 304 வலுவானது, ஆனால் அதில் எம்3 டேப் சுலபமாக உடையும், பட்டறைக்காரர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அலுமினியம் எளிது, ஆனால் கருங்கல் அதைக் கீறும், கீறிய பிசிர் அடுத்த கல்லில் கொக்கி போல் மாட்டும். அதனால் கீழ் லிங்க் ஸ்டெயின்லெஸ், மேல் லிங்க் அலுமினியம். கீழ் லிங்க்கே எப்போதும் கல்லில் உரசுகிறது.

டயர் பற்றி. கிராலர் டயரில் காற்று கிடையாது, உள்ளே ஃபோம். அதனால் சீமைக் கருவேல முள் குத்தினால் பங்க்சர் ஆகாது. ஆனால் முள் உள்ளேயே நின்று ஃபோமைக் கிழித்துக்கொண்டிருக்கும், டயரை அழுத்திப் பார்க்கும் உங்கள் விரலிலும் ஏறும். ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு டயரையும் பார்த்து மூக்குக் குறடால் பிடுங்கிவிடுங்கள். தண்ணீரில் ஓட்டினால் ஃபோம் நனைந்து கனக்கும், டயரின் நடுக்கோட்டில் எதிரெதிராக இரண்டு இடத்தில் 2 மி.மீ. துளை போட்டால் சுற்றும்போது வெளியேறும். கம்பெனி ஃபோம் மிருதுவாக இருந்து டயர் சரிவில் மடங்கினால், உள்ளே கெட்டியும் வெளியே மெத்தென்றும் உள்ள இரட்டை ஃபோம் வாங்குங்கள். சர்வோவுக்கு அடுத்து அதிக வித்தியாசம் காட்டுவது இதுதான். டயரை ரிம்மோடு பிடிக்கும் பீட்லாக் திருகுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஒரே சுற்றில் வரிசையாக இறுக்கினால் டயர் கோணலாக உட்காரும்.

ஷாஃப்டும் கியரும் எப்போது மாற்ற வேண்டும்? உடைந்த பிறகு, அதுவும் காரணம் தெரிந்த பிறகு. பிளாஸ்டிக் டிரைவ் ஷாஃப்ட் உடையும் முன் சொல்லிவிடும்: முறுகிய இடத்தில் வெள்ளைக் கோடுகள் தெரியும். வெள்ளை தெரிந்தால் மாற்றுங்கள். டிஆர்எக்ஸ்-4-க்கு இன்னொரு நன்மை உண்டு. அதன் அச்சு போர்ட்டல் வகை, கடைசி கியர் குறைப்பு சக்கரத்தின் அருகிலேயே நடக்கிறது. அதனால் அச்சுக்குள் ஓடும் ஷாஃப்டில் சுமை குறைவு, நேர் அச்சு வண்டிகளில் முன் யுனிவர்சல் மூட்டு உடைவது போல் இதில் சுலபமாக உடையாது. பதிலுக்கு நான்கு மூலையிலும் கூடுதலாக கியரும் பேரிங்கும் இருக்கின்றன, நான்கையும் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். பலர் நடு டிஃப்பை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போர்ட்டலை மறந்துவிடுகிறார்கள். உங்கள் கரகரப்பு அங்கிருந்தும் வரலாம். சக்கரத்தைக் கழற்றி ஒவ்வொரு மூலையாகக் கையால் சுற்றினால் எது என்று தெரிந்துவிடும்.

இந்த வண்டியில் டிஃபரன்ஷியலை ரிமோட்டிலேயே பூட்டலாம், திறக்கலாம். சிமென்ட் தரையிலும் தார் ரோட்டிலும் திறந்து வையுங்கள். பூட்டிய அச்சோடு பிடிமானமான தரையில் திரும்பினால் டயர் வழுக்க முடியாமல் முழு முறுக்கும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும்.

மோட்டார் கடைசி. வேகம் கேட்டு வாங்கினால் ஏமாற்றம், நிதானம் கேட்டு வாங்குங்கள். டிஆர்எக்ஸ்-4-இல் வரும் 21 டர்ன் (கம்பிச் சுற்று) 550 மோட்டார் இந்த வேலைக்குக் குறையில்லாதது. அது தேய்ந்த பிறகு 35 டர்ன் 540 போட்டால் மெதுவாக, நயமாக ஏறும். மாற்றும்போது மோட்டார் பினியனும் அது சுற்றும் பெரிய ஸ்பர் கியரும் ஒரே பிட்ச்சா, அதாவது ஒரே பல் அளவா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நோட்டுத்தாள் துண்டு ஒன்றை விட்டு மோட்டாரை அழுத்தித் திருகுங்கள், தாளைச் சுற்றி எடுத்தால் மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி மோட்டாரைத் தொடுங்கள், மூன்று விநாடி விரல் வைக்க முடியவில்லை என்றால் நிழலில் விடுங்கள்.

பேட்டரியில் ஒன்றே ஒன்றை வலியுறுத்துவேன். லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை முழுச் சார்ஜில், வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ வைக்காதீர்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இயங்குகிறது. பேட்டரிக்கு வெப்பம் ஆகாது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில், வளவு வீட்டின் தடித்த சுவருள்ள உள் அறையில், மண் சட்டிக்குள் வையுங்கள். சார்ஜ் 1சி, அதாவது 5,000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர். இஎஸ்சியில் லிபோ கட்-ஆஃப் (பேட்டரி வோல்ட் மிகவும் இறங்கும் முன் நிறுத்துவது) இயங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், உங்கள் வண்டியின் எக்ஸ்எல்-5 வகை இஎஸ்சியில் விளக்கு பச்சை என்றால் இயங்குகிறது, சிவப்பு என்றால் இல்லை. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடக் கூடாது.

சின்ன எஸ்சிஎக்ஸ்24-க்கு இவ்வளவு தேவையில்லை. அதில் முதலில் போவது பிளாஸ்டிக் கியர் சர்வோதான், ஈமேக்ஸ் இஎஸ்08எம்ஏ-II போன்ற 12 கிராம் மெட்டல் கியர் சர்வோவைப் பலரும் போடுகிறார்கள். வாங்கும் முன் பிளக்கும் மவுண்டும் பொருந்துமா என்று பாருங்கள். பிறகு முன் சக்கரத்தில் பித்தளை, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆத்தங்குடித் தரையில் ஓட்டுவதென்றால் டயர் இடுக்கில் ஒட்டிய சரளையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு இறக்குங்கள். ஒரு மணி கிடந்தாலும் அந்தப் பளபளப்பில் கீறல் விழும், போகாது.

எங்கே ஓட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருமயம், சித்தன்னவாசல் போன்ற பாறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் கோயில் மலைகள். அங்கே வண்டியை இறக்காதீர்கள். கண்மாய்க் கரையில் பதித்த கல்லையும் விட்டுவிடுங்கள், அது பெயர்ந்தால் கரை அரிக்கும். வீட்டுப் பின்கட்டில் ஒரு வண்டிச் சுமை ஒன்றரை அங்குல ஜல்லியும் பத்துப் பதினைந்து பெரிய கல்லும் போதும். புதிதாக உடைத்த கருங்கல்லின் விளிம்பு டயரின் பக்கச் சுவரை வெட்டும், காடுமேட்டில் கிடந்து மழுங்கிய கல்லாகப் பொறுக்கிப் போடுங்கள்.

பைக்குள் எப்போதும் இருக்க வேண்டியவை: டிரைவ் ஷாஃப்ட் ஒன்று, அதன் பின்னும் கிரப் ஸ்க்ரூவும் நான்கு ஜோடி, எம்4 நைலாக் நட் நான்கு, லிங்க் முனைகள் நான்கு, எம்ஆர்115 பேரிங் இரண்டு, மூன்று ஹெக்ஸ் டிரைவர், 7 மி.மீ. ஸ்பேனர், மூக்குக் குறடு. நைலாக் நட்டை விரலாலேயே திருக முடிந்தால் அதன் நைலான் தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள். வண்டியை இறக்கும் முன் நான்கு சக்கர நட்டையும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட் பின்னையும் ஒரு முறை தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.